புயலுக்கு முன்னே செல்ல வேண்டிய செய்தி

வங்காள விரிகுடாவின் கரையில் வாழும் மக்களுக்குப் புயல் புதிதன்று. 1970ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அக்காலத்தில் கிழக்குப் பாகிஸ்தான் என வழங்கிய இன்றைய வங்காள தேசத்தின் கழிமுகத் தீவுகளின்மேல் கடல் பொங்கி ஏறியபோது, 3 லட்சத்துக்குக் குறையாத மக்கள் மாண்டனர். 1999 அக்டோபர் 29ஆம் நாள் ஒடிசாவின் பாரதீப் அருகே கரையேறிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் உயிரிழந்தனர். அதே ஒடிசாவில் 2019 மே 3ஆம் நாள் பூரிக்கு அருகே 'ஃபானி' என்னும் கடும்புயல் கரை கடந்தது. அம்மாநிலத்தில் இறந்தோர் 64 பேர். இவ்விரு புயல்களும் ஒரே வலிமை உடையன அல்ல என்பது உண்மையே. ஆயினும் இழப்பு இவ்வளவு குறைந்ததற்குப் புயலின் வேகம் மட்டும் காரணமாகாது. இடைப்பட்ட 20 ஆண்டுகளில் மனிதர் செய்த ஏற்பாடுகளே பெருங்காரணம். அவை யாவை என நாம் அறிந்துகொள்வது நலம்.

உலகின் வெப்பம் ஏறி வருவதை அறிவியலார் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியுள்ளனர். சூடேறிய கடல்நீரே புயலுக்கு இரை. ஆதலின் வருங்காலத்தில் புயல்களுள் மிகக் கடுமையானவற்றின் பங்கு மிகக்கூடும் என்பது அவர்தம் கணிப்பு. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டமும் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. இம்மாற்றத்துக்குக் காரணமான புகையை மிகுதியாகக் கக்கியவை செல்வ நாடுகள். அதன் துன்பத்தை முதலில் ஏற்பவையோ வளர்ந்துவரும் நாடுகள். புகையைக் குறைக்கும் பணி ஒருபுறம் நடக்க, வந்துவிட்ட மாற்றத்துக்கு ஏற்ப வாழ்வைச் சீரமைத்துக் கொள்ளும் பணியும் நடந்தாக வேண்டும். அப்பணியில் கணிப்பொறியும் கைபேசியும் ஆற்றும் தொண்டு சிறிதன்று.

முதற்கண், புயலை அறிவது எவ்வாறு? விண்ணில் நிற்கும் இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் கடலின்மேல் திரளும் மேகங்களை இரவும் பகலும் படம் எடுத்து அனுப்புகின்றன. கரையோர ரேடார்கள் மழையையும் காற்றையும் அளக்கின்றன. இவை தரும் எண்களைப் பெருங்கணிப்பொறிகள் ஏற்றுக்கொள்கின்றன. அவை வளிமண்டலத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்தடுத்த நேரங்களில் காற்றும் வெப்பமும் எவ்வாறு மாறும் என்று கணக்கிடுகின்றன. 2024இல் புனேயிலும் நொய்டாவிலும் 'அர்க்கா', 'அருணிகா' எனும் பெயர்களில் புதிய கணிப்பொறி அமைப்புகள் இதற்கென நிறுவப்பட்டன. புயல் செல்லும் பாதை இன்று நாட்கணக்கில் முன்னரே ஓரளவு தெளிவாகத் தெரிந்துவிடுகிறது.

ஆனால் வானிலை நிலையத்துக்குத் தெரிந்த செய்தி, குடிசையில் இருப்பவருக்குத் தெரியாவிடில் பயன் என்ன? ஃபானி வருமுன் ஒடிசாவில் ஏறத்தாழ 26 லட்சம் குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. அம்மாநிலக் கடற்கரையில் 122 இடங்களில் நிறுவப்பட்டிருந்த அபாயச் சங்குகளும் இருந்தன. இவற்றோடு ஏறத்தாழ 43,000 தொண்டர்கள் களத்தில் நின்றனர். 12 லட்சத்துக்கு மேற்பட்டோர் புயல் காப்பகங்களுக்கும் பிற இடங்களுக்கும் பெயர்ந்தனர். வங்காள தேசத்திலும் 1972இல் தொடங்கிய தொண்டர் படையே இன்றுவரை எச்சரிக்கையைச் சிற்றூர்தோறும் கொண்டு சேர்க்கிறது. பொறி கணிக்கிறது, நம்பிக்கைக்குரிய ஒரு மனிதக் குரல் சொன்ன பிறகே மக்கள் வீட்டை விட்டுப் புறப்படுகின்றனர்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் கருத வேண்டியது இங்கேதான் உள்ளது. ஊரார் யாவரும் உணர்ந்துகொள்ளும் அறிவிப்பு, அவ்வூர் மொழி அறியாதவர் செவியில் வெறும் ஓசையாகவே விழும். புதிய கருவிகள் இக்குறையை ஓரளவு நீக்கியுள்ளன. குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணாகத் தேடிச் செல்வது. கோபுர ஒலிபரப்பு முறையோ, ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள ஏற்ற கைபேசிகள் அனைத்துக்கும் ஒரே வேளையில் எச்சரிக்கையைச் சேர்ப்பது. எண் எந்த மாநிலத்தது என்பது அதற்குப் பொருட்டன்று. 2023இல் நம் நாட்டில் இதற்குப் பன்முறை ஒத்திகை நடைபெற்றது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலியும் பல இந்திய மொழிகளில் எச்சரிக்கைகளைத் தருகிறது.

கடலுக்குள் இருப்பவர் நிலை வேறு. 2017 நவம்பர் இறுதியில் 'ஒக்கி' புயல் எழுந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் பலர் கைபேசி எட்டாத ஆழ்கடலில் இருந்தனர். பலர் திரும்பவேயில்லை, படகுகள் சில இலட்சத்தீவு, மகாராஷ்டிரம், குஜராத் கரைகளில் ஒதுங்கின. 2024இல் தொடங்கிய திட்டம், 13 கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஒரு லட்சம் படகுகளில் செயற்கைக்கோள் வழி இருபுறமும் செய்தி செல்லும் கருவியைப் பொருத்த முனைந்தது. அயல் மாநிலத் துறைமுகங்களிலிருந்து தொழில் செய்யும் தமிழ் மீனவர், தம் படகில் அக்கருவி உண்டா எனக் கேட்டறிதல் வேண்டும்.

எனினும் கருவிக்கும் எல்லை உண்டு. ஃபானி வீசிய பின் பூரியிலும் புவனேசுவரத்திலும் மின்சாரம் நின்றது. கைபேசித் தொடர்பும் அற்றது. அத்தகைய வேளையில் மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி பேருதவி புரியும். ஆகவே கரையோர நகரங்களில் வாழும் நாம் மூன்று காரியங்களை இன்றே செய்துகொள்ளலாம். நம் வீட்டுக்கு அண்மையிலுள்ள காப்பகம் எது, அதற்கு வழி எது என அறிந்து வைத்தல் ஒன்று. புயல், வெள்ளம், வெளியேறுக என்பவற்றுக்கு அவ்வூர் மொழியில் வழங்கும் சொற்களை வீட்டிலுள்ள முதியோரும் குழந்தைகளும் அறியச் செய்தல் மற்றொன்று. எச்சரிக்கை வந்தால் யார் யாருக்குச் சொல்வது என்று தமிழ்ச் சங்கங்கள் முன்னரே வகுத்துக்கொள்ளுதல் மூன்றாவது.

2027ஆம் ஆண்டு முடிவதற்குள் உலகில் ஒவ்வொருவருக்கும் முன்னெச்சரிக்கை எட்ட வேண்டும் என ஐக்கிய நாடுகள் சபை 2022இல் இலக்கு வகுத்தது. 'ஒவ்வொருவர்' என்னும் சொல்லில், நேற்று இரயிலில் வந்திறங்கிக் கட்டட வேலைக்குச் சேர்ந்து, அவ்வூர் மொழியில் ஒரு சொல்லும் அறியாமல் தகரக் கொட்டகையில் உறங்கும் நம்மவரும் அடங்குவர். செயற்கைக்கோளிலிருந்து நம் தெருவரை செய்தி வந்து சேர்ந்துவிடுகிறது. தெருவிலிருந்து அவருடைய கொட்டகை வரை அதைக் கொண்டு செல்ல வேண்டியவர் நாமே.