ஈரல் கறியும் தலைப்புச் செய்தியும்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது அமெரிக்க அரசுக்கு ஒரு கறிக் கவலை வந்தது. நல்ல இறைச்சியில் பெரும்பங்கு போர்முனைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊரில் இருப்பவர்கள் ஈரல், இதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சாப்பிடப் பழகினால் தட்டுப்பாட்டைச் சமாளிக்கலாம். ஆனால் அங்கே பல குடும்பங்கள் அவற்றை வாங்கவே கூசின. அவர்களை எப்படிப் பழக்குவது என்று ஆராயும் வேலை, ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறி அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த குர்ட் லெவின் என்ற உளவியலாளரிடம் வந்தது.

லெவின் இல்லத்தரசிகளைக் குழுக்களாகப் பிரித்தார். சில குழுக்களுக்கு நல்ல சொற்பொழிவு நடந்தது: சத்து, சிக்கனம், நாட்டுப்பற்று, கையில் சமையல் குறிப்பு. மற்றக் குழுக்களில் பெண்கள் தங்களுக்குள் பேசி, சமைத்துப் பார்ப்பதா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுத்தார்கள். பிறகு விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேரே அதுவரை சமைத்திராத ஒரு கறியைச் சமைத்திருந்தார்கள். கூடிப் பேசியவர்களில் 32 சதவீதம் பேர் சமைத்திருந்தார்கள். விஷயம் ஒன்றுதான். அது வந்து சேர்ந்த விதம் வேறு. விளைவு பத்து மடங்கு.

அந்த ஆய்வில் லெவின் இன்னொன்றையும் கண்டார். கடையிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ கிளம்பும் உணவு, சாப்பாட்டு மேசைக்கு வருவதற்குள் பல வாயில்களைக் கடக்கிறது. வாங்குவதா, எடுத்து வைப்பதா, சமைப்பதா, பரிமாறுவதா என்று ஒவ்வொரு வாயிலிலும் யாரோ ஒருவர் நின்று தீர்மானிக்கிறார். வீட்டார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அறிய வேண்டுமானால் அவர்களுடைய நாக்கை ஆராய்வதைவிட அந்த வாயில்காப்போரை ஆராய வேண்டும். செய்தி பயணம் செய்வதும் இப்படித்தான் என்று எழுதிவிட்டு, 1947இல் லெவின் காலமானார்.

அவரிடம் படித்த டேவிட் மேனிங் ஒயிட், அந்த வரியை ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். நடுமேற்கு அமெரிக்காவில் ஒரு சிறு நாளிதழ். ஏஜென்சிகளிலிருந்து டெலிபிரிண்டரில் கொட்டும் செய்திகளைப் பிரித்துப் போடும் ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தார். 1949இல் ஒரு வாரம் முழுக்க, நிராகரித்த ஒவ்வொரு காப்பியின் மேலும் காரணத்தை எழுதி வைக்கும்படி ஒயிட் அவரைக் கேட்டுக்கொண்டார். அவரும் வேலை முடிந்தபின் இரவில் உட்கார்ந்து எழுதினார். வந்து குவிந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அச்சுக்குப் போயிருந்தது. மீதி ஒன்பது பங்கை வாசகர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. காரணங்கள் இன்னும் சுவையானவை. இடமில்லை என்பது பல. தற்கொலைச் செய்திகள் தனக்குப் பிடிக்காது, இது வெறும் பிரச்சாரம் என்பவையும் உண்டு. ஒரு நகரம் அன்று உலகத்தைப் பற்றி எதை அறிந்துகொள்ள வேண்டும் என்பதை ஒரு தனி மனிதருடைய விருப்பு வெறுப்பும் பக்கத்தில் மிஞ்சிய இடமும் சேர்ந்து முடிவு செய்துகொண்டிருந்தன.

இதழியலிலும் மக்கள் தொடர்பியலிலும் முதுகலைப் பட்டம் என்றதும் பலருக்கும் கேமராவும் மைக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த இரண்டு வருடப் படிப்பில் அவையும் உண்டு. செய்தியின் தொடக்க வரியான லீட் எழுதவும், பேட்டி எடுக்கவும், காப்பி திருத்தவும், வீடியோ வெட்டி ஒட்டவும் சொல்லித் தருவார்கள். அவற்றை ஒரு நல்ல செய்தி டெஸ்க்கில் வேலைக்குச் சேர்ந்தும் கற்றுக்கொள்ளலாம். வகுப்பறையில் மட்டுமே அநேகமாகக் கிடைப்பது வேறொன்று. சொன்னதற்கும் போய்ச் சேர்ந்ததற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று அளந்து பார்க்கும் அறிவியல் அது. லெவினும் ஒயிட்டும் அந்தப் பாடத்தின் முதல் சில வாரங்களில் வந்துவிடுவார்கள்.

இந்தத் துறையைப் பல்கலைக்கழகத்துக்குள் நிலைநிறுத்தியவர் வில்பர் ஷ்ராம். 1943இல் அதே அயோவாவில், மக்கள் தொடர்பியலில் முனைவர் பட்டப் படிப்பைத் தொடங்கினார். சிறுவயது முதல் அவருக்குக் கடுமையான திக்குவாய். நாக்கு நுனியில் சொல் நின்றுபோவதை வாழ்நாள் முழுக்க அனுபவித்த ஒருவர், மனிதர்கள் ஒருவருக்கொருவர் எப்படிப் புரியவைத்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வியில் ஆயுளைச் செலவிட்டார் என்பது எனக்கு மிகுந்த மரியாதையைத் தரும் செய்தி. இந்தியாவுக்கு வந்து பரிந்துரை செய்த ஆய்வுக் குழுவிலும் அவர் இருந்தார். அதையொட்டி 1965இல் டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் பிறந்தது. அதற்கு வெகு முன்பே, 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் இதழியல் துறையைத் தொடங்கியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1947இல் தொடங்கியது.

இனி, என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான பரிசோதனைக்கு வருவோம். அது நடந்தது நம் நாட்டில், 1956இல், பூனா வானொலி நிலையத்தைச் சுற்றி இருந்த ஐந்து மாவட்டங்களில். யுனெஸ்கோ உதவியோடு ஏறத்தாழ 145 கிராமங்களில் வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. வாரத்துக்கு இரண்டு முறை, மராத்தியில், விவசாயத்தையும் ஊர் நலத்தையும் பற்றிய நிகழ்ச்சி. இருபது பேர் அளவில் ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து கேட்பார்கள். முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுவார்கள். சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்புவார்கள். பலனை மதிப்பிட்டது பம்பாயின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். பொறுப்பேற்றவர் பால் நியூராத். வியன்னாவில் பிறந்தவர், டாக்காவ், புக்கன்வால்டு வதைமுகாம்களில் அடைபட்டு உயிரோடு மீண்டவர்.

நியூராத்தின் திட்டத்தில் ஒரு நுட்பம் இருந்தது. மன்றம் உள்ள ஊர்களை மட்டும் பார்த்துவிட்டு வெற்றி என்று அறிவிக்க அவருக்கு மனமில்லை. வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களையும், பெட்டியே இல்லாத ஊர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நிகழ்ச்சிகளுக்கு முன்பும் பின்பும் எல்லா ஊர்களிலும் ஒரே கேள்விகள் கேட்கப்பட்டன. மன்றம் இருந்த ஊர்களில் மக்கள் அறிந்திருந்தது மளமளவென்று கூடியிருந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் கூடியது மிகச் சொற்பம். அதே குரல், அதே அலைவரிசை, அதே அரைமணி நேரம். பேசிப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அது காதோடு நின்றுவிட்டது.

இந்த முடிவு தனித்து நிற்கவில்லை. அயோவா விவசாயிகள் வீரிய ஒட்டுச் சோளத்துக்கு மாறிய விதத்தை ரயன், கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டிருந்தார்கள். புது விதை இருக்கிறது என்று முதலில் தெரிவித்தவர்களில் விற்பனைப் பிரதிநிதிகளே அதிகம். ஆனால் அதை விதைக்கலாம் என்ற நம்பிக்கையை ஊட்டியதில் முன்னால் நின்றது பக்கத்து நிலத்துக்காரர். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலை ஒஹாயோவில் ஆராய்ந்த பால் லாசர்ஸ்ஃபெல்டு குழுவும் இதையே வாக்காளர்களிடம் கண்டது. வானொலியும் பத்திரிகையும் நேராக மனதை மாற்றுவது குறைவு. அவற்றை ஊன்றிக் கவனிக்கும் சிலர் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு விஷயம் போவது அவர்கள் வழியாக.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதற்கு ஒரு சொந்த சாட்சியம் உண்டு. 1960களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற ரகம் வந்தது. ஜப்பானின் நோரின் 10-ஐயும் நம் ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டி உருவாக்கியது. குறுகிய காலப் பயிர், குறுவைக்கு ஏற்றது. திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் பேசியது. எந்த விதை, எவ்வளவு உரம், எப்போது நாற்று என்று பாடம்போல ஒலிபரப்பியது. வேளாண் ஊழியர்கள் வரப்பில் வந்து நின்றார்கள். ரகத்தின் எண் யார் வாயிலும் நுழையவில்லை. டெல்டாவில் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் நிலைத்தது. ஒரு தானியத்துக்கு ஊடகத்தின் பெயர் வாய்த்தது உலகில் வேறெங்கும் உண்டா என்று தேடிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. வானொலி சொன்னது, ஒருவர் துணிந்து விதைத்தார், அவருடைய வயலை மற்றவர்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள்.

அப்படியானால் பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் பலமே இல்லையா? இருக்கிறது, வேறோர் இடத்தில். 1968 அதிபர் தேர்தலின்போது வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாத 100 பேரிடம் மாக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸும் டொனால்டு ஷாவும் ஒரு கேள்வி கேட்டார்கள்: நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை? இன்னொரு பக்கம், அந்த ஊர் மக்கள் படித்த பத்திரிகைகளிலும் பார்த்த தொலைக்காட்சிச் செய்திகளிலும் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்று அளந்தார்கள். இரண்டு வரிசைகளையும் ஒப்பிட்டபோது ஒட்டுறவு எண் 0.967 என்று வந்தது. முழுப் பொருத்தத்துக்கு எண் 1. எந்தக் கட்சி சரி என்று ஊடகத்தால் ஊட்டிவிட முடியாமல் போகலாம்; எதைப் பற்றி யோசிப்பது என்பதை அது வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுகிறது.

நல்ல மாணவர் இங்கே கை தூக்குவார். மக்கள் கவலைப்படுவதைத்தானே பத்திரிகை எழுதியிருக்கும்? எது முந்தியது? 0.967 அதற்குப் பதில் சொல்லாது. பதிலுக்காக ஷாந்தோ ஐயங்காரும் உடன் ஆய்வாளர்களும் 1982இல் வெளியிட்ட பரிசோதனையில், மாலைச் செய்திகளையே மாற்றி அமைத்தார்கள். ஒரு குழு பார்த்த செய்தியில் நாட்டின் பாதுகாப்பைப் பற்றிய துண்டுகள் தினமும் செருகப்பட்டன. இன்னொன்றில் சுற்றுச்சூழல் மாசு. சில நாட்கள் பார்த்தபின், தாங்கள் பார்த்த பிரச்சினையே முக்கியம் என்ற எண்ணம் அவரவர் மனதில் வளர்ந்திருந்தது. செய்தியின் அளவு முதலில் மாறியது, கவலை பின்னால் மாறியது.

இந்த அளவைகளெல்லாம் நிற்பது எண்ணிக்கையின் மேல். ஆய்வேடு எழுதும் மாணவர் கோடிங் ஷீட்டோடு உட்கார்ந்து நூற்றுக்கணக்கான செய்திகளை வகைப்படுத்துவார். அவர் ‘அரசியல்’ என்று குறித்ததை இன்னொருவரும் அப்படியே குறிப்பாரா? அதனால் அதே செய்திகள் இன்னொருவரிடமும் தரப்படும். இருவரும் 82 சதவீதம் ஒத்துப்போனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல முடிவுபோலத் தோன்றும். ஆனால் இருவரும் செய்தியைப் படிக்காமலேயே, பத்தில் ஒன்பதுக்கு ‘அரசியல்’ என்றும் ஒன்றுக்கு ‘மற்றவை’ என்றும் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால்? இருவரும் அரசியல் என்று சொல்ல வாய்ப்பு 0.81, இருவரும் மற்றவை என்று சொல்ல 0.01. கூட்டினால் அதே 82 சதவீதம். தற்செயலாக ஒத்துப்போகக்கூடிய இந்தப் பங்கைக் கழித்துவிட்டுத்தான் நம்பகத்தை அளக்க வேண்டும். அதற்கான சூத்திரங்களை ஸ்காட், கோஹன், கிரிப்பன்டார்ஃப் போன்றோர் தந்திருக்கிறார்கள். எம்.ஏ. படிப்பின் மிக நேர்மையான பக்கம் இது என்பேன்.

இப்படி எண்ணிப் பார்க்கும் வேலை இணையத்துக்கும் வந்தது. 2018இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மூவர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வு, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஓடிய சுமார் 1,26,000 செய்திகளைப் பின்தொடர்ந்தது. உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரை எட்ட உண்மைக்குப் பொய்யைப்போல் ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் படம் மாறவில்லை. பரப்பியவர்கள் மனிதர்கள், பொய்யில் புதுமை கூடுதல் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

ட்விட்டரில் நடப்பதை வெளியிலிருந்து எண்ண முடிந்தது. வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் முடியாது. அது பூட்டிய வீடு. அங்கே ஒரு தகவலை அத்தை அனுப்பினால் நம்புகிறவர்கள், அதையே தெரியாத எண்ணிலிருந்து வந்தால் நம்புவார்களா? படித்துவிட்டுப் பேசாமல் இருப்பவர்கள் நம்பினார்களா, மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டார்களா? இதை அறிய நியூராத் செய்ததைப்போல ஊர் ஊராகப் போக வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து, இந்தச் சேதி உங்களுக்கு யார் சொல்லித் தெரிந்தது என்று கேட்க வேண்டும். இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் எந்த மாணவரும் அடுத்த வாரமே தொடங்கக்கூடிய வேலை இது.