மாமியின் உறுதியில் இருப்பது மூன்றா, எட்டா?

வெள்ளத்தில் எனது மாமியின் வீட்டு அலுமாரி நனைந்தபோது காணி உறுதியும் கூழாகிப் போனது. "அதுக்கென்ன, படம் எடுத்து வெச்சிரிக்கிதானே" என்றார் மாமி. உண்மைதான். மச்சான் முன்பொருமுறை கையடக்கத் தொலைபேசியில் அதைப் படமெடுத்து, குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். அந்தத் தொலைபேசி இப்போது இல்லை. குழுவில் கிடந்த படத்தைத் திறந்து பெரிதாக்கினோம். எழுத்துகள் மங்கிக் கலைந்தன. உறுதி இலக்கத்தின் கடைசி எண் 3 ஆ, 8 ஆ என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

டிஜிட்டல் படம் என்பது பாயில் பின்னிய பூவைப் போன்றது. தூரத்தில் பூ, கிட்டப் போனால் வண்ணக் கட்டங்கள். அந்த ஒரு கட்டம்தான் பிக்ஸல். 1957இல் அமெரிக்காவில் ரஸல் கிர்ஷ் என்பவர் தனது கைக்குழந்தையின் படத்தை முதன்முதலாக ஸ்கேன் செய்து கணினிக்குள் ஏற்றியபோது, அதில் இருந்தவை 176க்கு 176 பிக்ஸல்கள் மட்டுமே. இன்று 12 மெகாபிக்ஸல் கெமரா என்றால் 4000க்கு 3000, அதாவது ஒரு கோடியே இருபது இலட்சம் பிக்ஸல்கள்.

ஒவ்வொரு பிக்ஸலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களின் அளவுகளைச் சுமக்கிறது. ஒரு நிறத்துக்கு ஒரு பைட். அப்படியானால் அந்தப் படம் 36 மெகாபைட் இருக்க வேண்டும். ஆனால் உங்கள் தொலைபேசியில் பார்த்தால் நான்கைந்து மெகாபைட்தான் இருக்கும். மீதி எங்கே? இங்குதான் ஜேபெக் வருகிறது. அது படத்தை 8க்கு 8 பிக்ஸல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, நமது கண் அவ்வளவாகக் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. முகத்துக்கும் வானத்துக்கும் இதனால் பெரிய நட்டமில்லை. மையால் எழுதிய எழுத்துக்கோ, அதன் ஓரம்தான் உயிர். 3ஐயும் 8ஐயும் பிரிப்பது அந்த ஓரத்தில் உள்ள ஒரு சிறு வெண்ணிற இடைவெளி.

வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால், சீக்கிரம் போய்ச் சேருவதற்காக அது பிக்ஸல்களையும் குறைத்து, ஜேபெக்கை இன்னும் இறுக்குகிறது. கணக்குப் பாருங்கள். ஏ4 தாளின் நீளம் சுமார் 11.7 அங்குலம். படத்தின் நீளப் பக்கம் 1600 பிக்ஸலாகச் சுருங்கினால் அங்குலத்துக்கு 137 பிக்ஸல்கூட இல்லை. ஆவணங்களை ஸ்கேன் செய்ய வழக்கமாகச் சொல்லப்படும் அளவோ 300. அதிலும் மச்சான் மேசை, விரிப்பு, தன் கால்விரல் எல்லாம் சேர்த்தல்லவா எடுத்திருந்தார்!

மாமியின் பேரன், செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் படத்தைப் போட்டுத் தெளிவாக்கிக் கொண்டு வந்தான். பளிச்சென்று 8. எனக்குப் பயம்தான் வந்தது. தொலைந்த பிக்ஸலை எந்தச் செயலியாலும் திருப்பித் தர முடியாது. அது செய்வது ஊகம். மங்கிய முகத்துக்கு ஊகத்தில் ஒரு புருவம் வரைந்தால் பாதகமில்லை, உறுதி இலக்கத்தை வரையலாமா?

இப்போது வீட்டிலுள்ள பத்திரங்களைப் பகல் வெளிச்சத்தில், தாள் மட்டும் சட்டகம் நிறையத் தெரியும்படி எடுக்கிறேன். அனுப்புவதானால் வட்ஸ்அப்பில் 'டொக்கியுமன்ட்' என்பதைத் தெரிவு செய்து அனுப்புகிறேன். அப்படி அனுப்பினால் கோப்பு உள்ளது உள்ளபடியே போகும். திரைப்பிடிப்பு எடுத்து அனுப்புவதில்லை. அதில் இருப்பது திரையின் பிக்ஸல்கள்தான், தாளினுடையவை அல்ல.

மாமிக்காகக் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பிக்க இருக்கிறோம். படிவத்தில் உறுதி இலக்கத்துக்கு ஒரு கூடு இருக்கிறது. அதில் எதை எழுதுவது என்று மச்சானும் பேரனும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.