இமைமயிர் மலிவாயிருக்கலாம், பசை?

கண்ணுக்கு மை தீட்டுவதோடு திருப்தியடைந்த காலம் கடந்துவிட்டது. கலியாண வீடென்றால் மணமகள் மாத்திரமன்றி, அவள் பின்னே நிற்கும் தோழியரும் ஒட்டு இமைமயிர் தரித்து வருவதை இன்று காண்கிறோம். அழகுதான், நாம் குறை கூற வரவில்லை. ஆனால் அலங்கார நிலையத்துக்குக் கொடுக்கப் பணமின்றி, வீட்டிலேயே இதைச் செய்துகொள்ள முனையும் சகோதரிகள் சிலர், சிக்கனத்தைக் காட்டக்கூடாத இடத்தில் காட்டிவிடுகிறார்கள்.

அண்மையில் நாம் சென்றிருந்த ஒரு திருமணத்தில், மணமகளின் தங்கை ஒரு கண்ணை ஈரத்துணியால் மூடிக்கொண்டு அறை மூலையில் அமர்ந்திருந்தாள். இமைப்பசை தீர்ந்துபோகவே, உடைந்த பீங்கானை ஒட்டுவதற்கு வைத்திருந்த பசையில் ஒரு துளியை எடுத்தாளாம். கெட்டிமேளம் முழங்கியபோது அவள் வைத்தியசாலையில் இருந்தாள்.

இது புதிய கதையுமன்று. 1916இல் வெளிவந்த 'இன்டோலரன்ஸ்' என்னும் ஊமைப்படத்துக்காக, மெல்லிய வலைத்துணியில் மனித மயிரைக் கோத்து, நாடகக்காரர் பசையினால் நடிகை ஸீனா ஓவனின் இமைகளில் ஒட்டினார்கள். ஒருநாள் அவர் கண்கள் வீங்கி மூடிய நிலையில் வந்து நின்றதை, உடன் நடித்த லில்லியன் கிஷ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். நாம் சந்தேகிப்பது மயிரையன்று, பசையையே.

ஆகவே மயிரில் மிச்சம் பிடியுங்கள். எல்லாம் ஒரே அளவான, குட்டையான மயிர்களுள்ள மலிவான ஜோடி போதும். ஒவ்வொன்றையும் நடுவே வெட்டி, கண்ணின் வெளிப்புறப் பாதியில் மட்டும் ஒட்டினால் ஒரு ஜோடி இரண்டாகிவிடும். நீளத்துக்கு ஆசைப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் 22 வகைப் பாலூட்டிகளை அளந்து 2015இல் வெளியிட்ட முடிவின்படி, இமைமயிர் கண்ணின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு இருப்பதே இயற்கை. அதற்கு மேல் நீண்டால் காற்றைக் கண்ணின் பக்கம் திருப்பி, ஈரத்தை உலர்த்திவிடும்.

பசையோ இமைக்கென்றே விற்கப்படுவதாய், முத்திரை உடையாததாய் இருக்கவேண்டும். இறப்பர்ப்பால் ஒவ்வாதவர்கள் அது கலவாததைக் கேட்டு வாங்குக. முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ அந்தப் பசை உங்களுக்கு ஆகாது.

கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின், மயிர்ப்பட்டியின் அடியில் மெல்லிய கோடாகப் பசை தடவி அரை நிமிடம் காயவிடுங்கள். அவசரப்படுபவர்களுக்குத்தான் பசை கண்ணுக்குள் வழிகிறது. கண்ணாடியை மேசைமீது கிடத்தி, குனிந்து அதனைப் பார்த்தபடி, சொந்த மயிருக்குச் சற்று மேலே தோலில் ஒட்டுக. உள்விளிம்பின் ஈரப்பகுதியில் ஒருபோதும் வேண்டாம். கண்ணீர் விரைவில் வற்றாமல் காக்கும் எண்ணெயைச் சுரக்கும் சுரப்பிகளின் வாய்கள் மேலிமையில் மட்டும் 25க்கு மேல் அங்கேதான் இருக்கின்றன. கண் சிவந்திருக்கும் நாளிலும் இந்த அலங்காரத்தை விட்டுவிடுங்கள்.

எரிச்சல் எழுந்தால் உடனே அகற்றிக் கண்ணைச் சுத்தமான நீரால் கழுவுங்கள். வலி நீடித்தாலோ பார்வை மங்கினாலோ, வேறு பசை இமையில் பிடித்துக்கொண்டாலோ, பிய்த்தெடுக்க முனையாமல் அரச வைத்தியசாலையின் கண் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே கட்டணமில்லை.

எவ்வளவு களைத்து வீடு திரும்பினாலும் படுக்குமுன் கழற்றவேண்டும். கண்ணை மூடி, பஞ்சுக்குச்சியில் சிறிது தேங்காயெண்ணெய் தொட்டு இமையோரம் தடவினால் பசை இளகும், இழுக்க வேண்டாம். முகத்தைக் கழுவியபின், மயிரில் ஒட்டிய பழைய பசையை உரித்து, மென்மையான சவர்க்கார நீரில் அலசி, நன்கு உலர்த்தி அதன் பெட்டியிலேயே வைத்தால் மீண்டும் உதவும். அக்காளும் தங்கையும் ஒரே ஜோடியை மாறி மாறி அணிவது மட்டும் கூடாது. கண்ணோய் அவ்வழியே பரவும். வெட்டிய பாதிகளில் ஆளுக்கொரு ஜோடியை முதல்நாளே பிரித்துக்கொள்ளலாமே!