வீட்டுத் தொட்டிக்கு ஏற்ற சிறு வேட்டை மீன்கள்

முட்டம், வெள்ளிச்சந்தை, மணவாளக்குறிச்சி வட்டாரங்களில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் பெருகி வருகிறது. மண் மாதிரி கொண்டுவரும் விவசாயிகள் சிலர், பரிசோதனை முடிவைக் கேட்ட கையோடு, "பிள்ளைகள் மீன் கேட்கிறார்கள், இரையைப் பாய்ந்து பிடிக்கும் மீன்தான் வேண்டுமாம், எதை வாங்கலாம்?" என்றும் கேட்கிறார்கள். கட்டுரையாளர் உழவியல் படித்தவரே அன்றி மீன்வளம் படித்தவர் அல்லர். ஆயினும் நெல் வயலிலும் வாய்க்காலிலும் வாழும் மீன்களைப் பற்றி உழவியலாருக்கும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டியுள்ளது. இந்தக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி நம் வயல் மடைகளிலேயே இருக்கிறது.

வேட்டை மீன் என்றதும் கடைக்காரர் முதலில் காட்டுவது ஆஸ்கார், அரோவானா, அலிகேட்டர் கார் போன்ற வெளிநாட்டு மீன்களின் குஞ்சுகளை. விரல் நீளத்தில் இவை அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஆஸ்கார் ஓர் அடி வரை வளரும். அலிகேட்டர் கார் ஓர் ஆளின் உயரத்தையும் மிஞ்சும். 2 அடித் தொட்டியில் இவற்றை விடுவது, தொழுவத்தில் யானைக்கன்றைக் கட்டுவது போன்றதாகும். முதன்முதலில் மீன் வளர்ப்பவர் வளர்ந்த பிறகும் 10 செ.மீ. தாண்டாத இனங்களை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். வாங்கும்போது "இப்போது எவ்வளவு நீளம்?" என்று பார்க்காமல், "முழு வளர்ச்சியில் எவ்வளவு?" என்று கேட்பது நல்லது.

மானத்துக்கண்ணி

மலையாளத்தில் மானத்துக்கண்ணி என்று அழைக்கப்படும் மீன், நம் குளத்தோரத்திலும் வயல் வாய்க்காலிலும் நீர்மட்டத்தை ஒட்டி அசையாமல் நிற்பதை அனைவரும் பார்த்திருக்கலாம். தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு ஒன்று மின்னும். வாய் மேல்நோக்கித் திறக்கும். முதுகு தட்டையாக இருக்கும். நீரின் மேல் விழும் பூச்சியையும், மூச்சு விட மேலே வரும் கொசுப்புழுவையும் பிடிப்பதற்கென்றே அமைந்த உடல் இது. அறிவியலார் இவ்வினத்தை அப்ளோகைலஸ் என்பர். இவற்றுள் பெரியதான அப்ளோகைலஸ் லினியேட்டஸ் சுமார் 10 செ.மீ. வளரும். ஏறத்தாழ 5 செ.மீ. அளவோடு நின்றுவிடும் சிறு வகைகளும் உண்டு.

முதல் தொட்டிக்கு என் பரிந்துரை இந்த மீனே ஆகும். நம் ஊர் வெப்பநிலைக்குப் பழகியது. சூடேற்றும் கருவி தேவையில்லை. சற்றே உப்புத்தன்மையுள்ள நீரையும் தாங்குவதால், கடலோரக் கிணற்று நீரை நம்பியிருக்கும் முட்டம் பகுதியினருக்கு இது பெரிய வசதி. ஆண் மீனின் பக்கவாட்டில் பொன்னிறப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும். பெண் மீனின் பின்னுடலில் கருப்புக் குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரியும். 2 அடித் தொட்டிக்கு ஓர் ஆணும் மூன்று பெண்களும் போதும். இரண்டு ஆண்களை விட்டால் ஓயாமல் விரட்டிக்கொள்ளும்.

இதற்கு ஒரு குணம் உண்டு: துள்ளும். தொட்டியின் மேல் வலையோ மூடியோ இல்லாவிட்டால் காலையில் தரையில்தான் மீனைக் காண நேரிடும். வாயில் அடங்கும் எந்த மீனையும் இது விழுங்கிவிடும் என்பதால் கப்பி போன்ற பொடி மீன்களை உடன் விடக்கூடாது.

வேறு சில இனங்கள்

நெல் வயல் ஓரத்துச் சேற்றுக் குழிகளில் வாழும் மற்றொரு சிறு மீன் சூடோஸ்ப்ரோமீனஸ் குப்பானஸ். இப்பெயரின் பிற்பகுதி, புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றின் பெயரிலிருந்து வந்தது. ஐந்தாறு செ.மீ. அளவே வளரும் இது, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு உடையது. எனவே ஏர் பம்ப் இல்லாத தொட்டியிலும் பிழைக்கும். மின்தடை மிகுந்த ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மீனைக் காண்பது அரிது. ஆண் மீன் நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காவல் காப்பதைச் சிறுவர்கள் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைகளில் சிறு புட்டியில் அடைத்து விற்கப்படும் சண்டை மீனும் இதன் உறவே; தாய்லாந்து நாட்டு வயல்களின் நீர்நிலைகளிலிருந்து வந்தது. புட்டியில் விற்பதால் புட்டியிலேயே வளரும் என்று எண்ணுவது தவறு. 15 லிட்டருக்குக் குறையாத தொட்டியில் ஓர் ஆணை மட்டும் தனியே வைக்க வேண்டும்.

கழிமுகங்களில் கிடைக்கும் பள்ளத்தி என்னும் மஞ்சள் நிற மீன், கரிமீனின் சிறு உறவு. சுமார் 8 செ.மீ. வளரும். பாசியோடு பூச்சி, புழு, பிற மீன்களின் முட்டை, குஞ்சு ஆகியவற்றையும் உண்ணும். வள்ளியாறு கடியபட்டணம் அருகே கடலில் கலக்கும் இடம் போன்ற உவர்நீர்ப் பகுதியில் பிடித்ததை நேராக நன்னீரில் போடாமல், ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக நன்னீருக்குப் பழக்க வேண்டும்.

மூன்று செ.மீ. அளவே உள்ள குட்டிப் பேத்தை மீன் இன்று உலகெங்கும் விரும்பப்படுகிறது. 1941-இல் ஹோரா, நாயர் ஆகிய இருவர் பம்பை ஆற்று மீன்களைக் கொண்டு இதை விவரித்து, திருவிதாங்கூர் நாட்டின் பெயரையே சூட்டினர். அப்போது நம் மாவட்டமும் அந்த நாட்டில்தான் இருந்தது. நத்தைகளைக் குறிவைத்து வேட்டையாடும் விந்தையான மீன்தான். ஆனால் உலகச் செம்பட்டியலில் பாதிப்புக்கு உள்ளாகும் இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஆறுகளிலிருந்து பெருமளவில் பிடித்து விற்றதும் இதற்கு ஒரு காரணம். செயற்கைத் தீவனத்தை எளிதில் ஏற்காது. பிற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். எனவே முதல் தொட்டிக்கு இது வேண்டாம்.

கன்னிப்பூ அறுவடைக்கு வயல் நீரை வடிக்கும் சமயத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் திரிவதைச் சிறுவர்கள் அள்ளி வருவதுண்டு. அவை பெரும்பாலும் விரால் குஞ்சுகள். அருகில் தாயும் தந்தையும் காவலுக்கு நிற்கும். சில மாதங்களில் தொட்டியிலுள்ள அனைத்தையும் தின்று தீர்ப்பதோடு, நல்ல விலை போகும் உணவு மீன் ஒன்றின் தலைமுறையும் வீணாகும். முட்டத்துப் பாறை இடுக்குகளிலிருந்து கொண்டுவரும் கடல் மீன்களும் அவ்வாறே. கடல்நீர்த் தொட்டியைப் பராமரிப்பது தனிக்கலை. பழக்கமில்லாதவர் வீட்டில் அவை சில நாட்களே உயிர்வாழும்.

தொட்டியும் தழைச்சத்தும்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியில் 10 அங்குலம் நீர் நிரப்பினால் சுமார் 47 லிட்டர் பிடிக்கும். நீரின் எடையே 47 கிலோ என்பதால் தாங்கும் பலகை உறுதியாக இருக்க வேண்டும். குழாய் நீரானால் குளோரின் நீங்க ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்றவும்.

புதுத் தொட்டியில் விட்ட மீன்கள் ஒரே வாரத்தில் இறந்தன என்பதே பலரும் கூறும் குறை. இதன் காரணம் விவசாயிக்கு எளிதில் விளங்கக்கூடியது. நிலத்தில் இடும் யூரியா முதலில் அம்மோனியாவாகவும், பின்பு நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாகவும், அதன்பின் நைட்ரேட்டாகவும் மாறுகிறதல்லவா? மீனின் கழிவும் எஞ்சிய தீனியும் தொட்டியில் இதே வழியில்தான் மாறுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு கேடு செய்வதில்லை. நிலத்தில் இந்த நுண்ணுயிர்கள் இயல்பாகவே இருக்கின்றன. புதுக் கண்ணாடித் தொட்டியில் இல்லை. அவை கூழாங்கல்லிலும் பில்டர் பஞ்சிலும் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். எனவே முதல் மாதம் ஒன்றிரண்டு மீன்களோடு தொடங்கி, குறைவாகத் தீனியிட வேண்டும். நன்கு நடந்துவரும் தொட்டியிலிருந்து ஒரு பிடி கூழாங்கல் வாங்கிப் போட்டால் இக்காலம் குறையும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான்.

களர் நிலத்தில் இட்ட யூரியா அம்மோனியாவாகி ஆவியில் வீணாவதை நாம் அறிவோம். தொட்டி நீரின் காரத்தன்மை கூடினாலும் அம்மோனியா அதே நச்சு வடிவத்துக்கு மிகுதியாக மாறுகிறது. புழு, பூச்சி போன்ற புரதம் மிகுந்த இரையை உண்ணும் வேட்டை மீன்களின் கழிவில் அம்மோனியாவும் அதிகம். ஆகையால் வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுவதை விட்டுவிடக் கூடாது. முழு நீரையும் மாற்றி, கற்களைச் சோப்புப் போட்டுக் கழுவும் வழக்கம் மீன்களுக்குக் கேடு செய்யும்.

இரையும் நஞ்சும்

கொசுப்புழு, நறுக்கிய மண்புழு, சிறு பூச்சிகள் ஆகியவை சிறந்த இரை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே இடவேண்டும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் கெடுதல் இல்லை.

கொசுப்புழுவுக்காக வீட்டுப் புறத்தில் வாளியில் நீர் வைப்பவர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது. வெப்பமான காலத்தில் 7 முதல் 10 நாட்களுக்குள் கொசு பறந்துவிடும். ஐந்தாம் நாளே புழுக்களை வடிகட்டி எடுத்து, வாளியைத் தேய்த்துக் கவிழ்த்துவிடவும். இதைத் தவறாமல் செய்ய இயலாதவர்கள் வாளி வைக்காமலிருப்பதே மேல். மீனுக்காகக் கொசு வளர்த்துக் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லக் கூடாது அல்லவா? மாறாக, மாட்டுத் தொழுவத்தின் சிமெண்டுத் தொட்டியில் ஐந்தாறு மானத்துக்கண்ணிகளை விட்டுவைத்தால் கொசுப்புழுவைக் கட்டுப்படுத்த உதவும். அத்தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடக்கூடாது.

இதே நோக்கத்தோடு 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது கம்பூசியா என்னும் அமெரிக்க மீன். கொசுப்புழுவைத் தின்பது உண்மையே. ஆனால் உள்ளூர் மீன்களின் குஞ்சுகளையும் தவளைக் குஞ்சுகளையும் சேர்த்துத் தின்கிறது. நம் மடையிலேயே அவ்வேலையைச் செய்யும் மீன் இருக்க, இதைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மருந்து தெளித்த வயலிலிருந்தோ அதன் வடிகாலிலிருந்தோ மீனும் இரையும் எடுக்கக் கூடாது. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். கொசுவர்த்தியிலும் கொசு மருந்துத் தெளிப்பிலும் உள்ளவை இதே குடும்பத்து மருந்துகள்தாம் என்பதைப் பலர் அறிவதில்லை. தொட்டி உள்ள அறையில் அவற்றைப் பயன்படுத்தினால், ஏர் பம்ப் அந்தக் காற்றையும் இழுத்து நீரில் கலந்துவிடும். மருந்து தெளிப்பான் தொட்ட கையை நன்கு கழுவாமல் தொட்டியில் விடுவதும் ஆபத்து.

வயலிலிருந்து பிடித்த மீனை இரண்டு வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்து, புண்ணோ வெண்புள்ளியோ இல்லை என்று பார்த்த பிறகே தொட்டியில் சேர்க்கவும்.

வேண்டாத மீனை என்ன செய்வது?

வளர்ந்துவிட்ட மீனைக் கொல்ல மனமின்றிக் குளத்தில் விடுவோர் உண்டு. 2023 மே மாதத்தில் காஷ்மீரின் தால் ஏரியில் அலிகேட்டர் கார் ஒன்று பிடிபட்டது. தொட்டி சுத்தம் செய்யும் மீன் என்று விற்கப்படும் தென்னமெரிக்கக் கெளுத்தி இன்று தமிழ்நாட்டின் பல ஏரி, குளங்களில் பெருகி, உணவு மீன்களுக்குப் போட்டியாகி, வலைகளையும் கிழிக்கிறது. நம் மாவட்டத்தில் குளங்கள் ஒன்றோடொன்று கால்வாயால் இணைந்தவை. ஒரு குளத்தில் விட்ட மீன் மழைக்காலத்தில் அடுத்த குளத்தை அடையும். 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம் - தேரூர் நீர்நிலைகளும் இத்தகைய குளங்களே. வேண்டாத மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது வளர்க்கும் வேறொருவருக்குத் தரலாம். உள்ளூர் வாய்க்காலில் பிடித்த மானத்துக்கண்ணியாயினும், கடை மீன்களோடு பழகியதானால் நோய் பரவக்கூடும் என்பதால் திரும்ப விடாதிருப்பது நல்லது.

மானத்துக்கண்ணியின் முட்டைகளை எடுக்க விரும்புவோர், நன்கு ஊறவைத்துச் சாயம் போகக் கழுவிய தென்னை நார்க் கற்றை ஒன்றைத் தொட்டியில் மிதக்கவிடலாம். பெண் மீன் நாள்தோறும் சில முட்டைகளாக அதில் ஒட்டவைக்கும். கற்றையை வாரம் ஒருமுறை வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும். மாற்றாவிட்டால் பெற்ற மீன்களே அவற்றைத் தின்றுவிடும். வாரந்தோறும் எடுக்கும் 12 லிட்டர் பழைய நீரை, உப்புச் சேர்க்காததாயின், கத்தரி, தக்காளிச் செடிகளுக்கு ஊற்றலாம். அதிலுள்ள நைட்ரேட் செடிக்கு நேரடியாகக் கிடைக்கும் தழைச்சத்தாகும்.