ஐந்தாம் மாத ஸ்கேன்: ரிப்போர்ட்டில் யாரும் கவனிக்காத அந்த ஒரு வரி!

ஐந்தாம் மாத ஸ்கேன் முடித்துவிட்டு வரும் கர்ப்பிணியிடம் வீட்டில் கேட்கும் கேள்விகள் எல்லாமே குழந்தையைப் பற்றித்தான். கை, கால் எல்லாம் தெரிஞ்சுதா? எடை எவ்வளவு? தண்ணி போதுமான அளவு இருக்கா? இதற்கெல்லாம் ரிப்போர்ட்டில் பதில் இருக்கும். கூடவே, 'செர்விக்ஸ் 3.6 செ.மீ.' என்பதுபோல ஒரு சின்ன வரியும் இருக்கும். குழந்தையோடு சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று என்று நினைத்து, அதைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. ஆனால், குழந்தை நிறைமாதம்வரை உள்ளே இருக்குமா, முன்கூட்டியே வந்துவிடுமா என்பதற்கு முன்னதாகக் கிடைக்கும் நல்ல தடயங்களில் அந்த எண்ணும் ஒன்று.

செர்விக்ஸ் என்றால் கருப்பை வாய். பாட்டிகள் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். கருப்பை அந்தப் பை என்றால், கயிறு இழுத்து இறுக்கிய கழுத்துப் பகுதிதான் கருப்பை வாய். குழந்தை வளர வளர, மேலிருந்து பாரம் கூடிக்கொண்டே போகும். இந்தக் கழுத்து நீளமாக, இறுக்கமாக மூடியபடி தாங்கி நிற்க வேண்டும். பிரசவ நேரம் நெருங்கும்போதுதான் அது மென்மையாகி, குட்டையாகி, திறக்க வேண்டும்.

சிலருக்கு இது நான்காம், ஐந்தாம் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. வலி இருக்காது. ரத்தப்போக்கும் இருக்காது. அதைவிடச் சிக்கல் என்னவென்றால், திறப்பது பெரும்பாலும் உள்பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். ஸ்கேன் திரையில் அது புனல் மாதிரி தெரியும். கீழே வெளிவாய் இறுக மூடியே இருக்கும். டாக்டர் விரலால் பரிசோதித்தால், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றலாம். அதனால்தான் ஸ்கேன் தேவைப்படுகிறது.

25 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

கருவுற்ற 24-வது வாரத்தில் கருப்பை வாயின் சராசரி நீளம் சுமார் 35 மில்லிமீட்டர். 1996-ல் அமெரிக்காவில் 2,915 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வுதான் இந்தத் துறையில் பெரிய திருப்பம். நீளம் குறையக் குறைய, 35 வாரங்களுக்கு முன்பே பிரசவமாகும் வாய்ப்பு படிப்படியாகக் கூடுவதை அது காட்டியது. 40 மி.மீ.க்கு மேல் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 26 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு ஆபத்து சுமார் 6 மடங்கு. 13 மி.மீ.க்கு வந்துவிட்டவர்களுக்குச் சுமார் 14 மடங்கு. இன்று 24 வாரங்களுக்கு முன்பு 25 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் 'குட்டை' என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். அதே ஆய்வில், 25 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களில் 35 வாரங்களுக்கு முன்பு பிரசவமானவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவுதான். மற்றவர்களின் குழந்தைகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள். எனவே, 'குட்டையாக இருக்கிறது' என்று ரிப்போர்ட் வந்த அன்றே வளைகாப்பைத் தள்ளிவைத்து, வீடே அழுதுகொண்டிருக்கத் தேவையில்லை. டாக்டரைப் பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள்

ஸ்கேன் சென்டர் என்றாலே கையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள்தான் கண்ணுக்குள் வருவார்கள். 'யூரின் நல்லா முட்டணும், அப்பதான் ஸ்கேன்' என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டோம். கருப்பை வாயை அளப்பதற்கு இது நேர் எதிர். நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பை வாயை அழுத்தி, இருப்பதைவிட நீளமாகக் காட்டும். உள்ளே புனல் மாதிரி திறந்திருந்தாலும் அது மறைந்துபோகலாம். வயிற்றின் மேல் கருவியை வைத்து எடுக்கும் அளவில் இந்தக் குழப்பம் உண்டு. குழந்தையின் தலை குறுக்கே வந்தால் கருப்பை வாய் தெரியாமலேயும் போகலாம்.

சரியான முறை, பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன். சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுக்க வேண்டும். உறை போட்ட மெல்லிய கருவியைக் கொஞ்ச தூரம் மட்டுமே உள்ளே வைப்பார்கள். அதையும் அழுத்தாமல் வைக்க வேண்டும். அழுத்தினாலும் நீளம் கூடுதலாகக் காட்டும். உள்வாயிலிருந்து வெளிவாய்வரை கோடு போட்டு, சில நிமிட இடைவெளியில் மூன்று முறை அளந்து, மூன்றில் குறைவானதை எழுதுவார்கள். கருப்பை வாய் நிமிடத்துக்கு நிமிடம் லேசாக மாறக்கூடியது என்பதால்தான் இந்தப் பொறுமை. மொத்தமே ஐந்து நிமிட வேலை.

'உள் ஸ்கேன்' என்றதும் பல பெண்கள் தயங்குகிறார்கள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். கூச்சம் இன்னொரு பக்கம். கருவி கருப்பைக்குள் போவதில்லை, குழந்தையைத் தொடுவதில்லை. கூச்சத்துக்கு வழி, பெண் டாக்டர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது. ஆண் டாக்டர் என்றால், நர்ஸோ உடன் வந்தவரோ அறையில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். அது கர்ப்பிணியின் உரிமை.

குட்டை என்றால் என்ன செய்வார்கள்?

லண்டன் மருத்துவர்கள் முன்னின்று நடத்தி, 2007-ல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக 24,620 கர்ப்பிணிகளுக்குக் கருப்பை வாயை அளந்தார்கள். 15 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களில் 250 பேருக்கு, தினமும் இரவில் பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை கொடுக்கப்பட்டது. பாதிப் பேருக்கு அதில் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன். மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை வைத்தவர்களில் 100-க்கு 34 பேருக்கு 34 வாரங்களுக்கு முன்பே பிரசவமானது. மருந்து வைத்தவர்களில் அது 19-ஆகக் குறைந்தது. முழுத் தீர்வு என்று சொல்ல முடியாது. ஆனால், குறைப்பிரசவத் தடுப்பில் இவ்வளவு தெளிவான பலன் கிடைப்பது அபூர்வம்.

ஏற்கெனவே குறைப்பிரசவமோ, நான்கு, ஐந்து மாதத்தில் கருச்சிதைவோ ஆனவர்களின் கதை வேறு. அவர்களுக்கு 16-வது வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து பார்ப்பார்கள். நீளம் குறைந்தால், தையல் போடுவது பற்றி யோசிப்பார்கள். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்துக் கட்டுவது போன்ற இந்தச் சிகிச்சையை 1955-ல் உலகுக்குச் சொன்னவர் ஓர் இந்தியர்: கோவாவில் பிறந்து மும்பையில் பணியாற்றிய டாக்டர் வி.என்.ஷிரோத்கர். தொடையிலிருந்து எடுத்த தசையுறை நாடாவை வைத்தே அவர் முதலில் கட்டினார். இரண்டே ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் இயன் மெக்டொனால்ட் அதை இன்னும் எளிதாக்கினார். இன்று உலகம் முழுக்க இந்த இரு பெயர்களிலும்தான் தையல் போடுகிறார்கள். இரட்டைக் குழந்தைகள் என்றால் கணக்கே மாறும். எது பலன் தரும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பழி யார் மேல்?

கருப்பை வாய் குட்டை என்று தெரிந்ததும் சில வீடுகளில் விசாரணை ஆரம்பித்துவிடும். 'குடம் தூக்காதேன்னு சொன்னேனே', 'ஸ்கூட்டியில போனியே'. அன்றாட வீட்டு வேலையால் கருப்பை வாய் குட்டையாகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. பிறவியிலேயே கருப்பையின் அமைப்பு மாறியிருப்பது, கருப்பை வாயில் முன்பு நடந்த அறுவை சிகிச்சை போன்றவை காரணமாகலாம். பலருக்குக் காரணமே தெரியாது. மாதக்கணக்கில் படுத்தே கிடப்பதால் குறைப்பிரசவம் தடுக்கப்படுகிறது என்பதும் நிரூபணமாகவில்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதை அளக்க வேண்டுமா என்பதில் நாடுகளுக்கிடையே கருத்து ஒற்றுமை இல்லை. பிரிட்டன் எல்லோருக்கும் வேண்டாம் என்கிறது. சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு, 19 முதல் 24 வாரங்களுக்குள் அளக்கலாம் என்கிறது. 2020-ல் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அதில் சுமார் 30 லட்சம் இந்தியக் குழந்தைகள். வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. எப்படியும் ஐந்தாம் மாதத்தில் ஸ்கேன் எடுக்கப் போகிற நாட்டில், இன்னும் ஐந்து நிமிடம் செலவிடுவது நியாயமாகவே படுகிறது.

ரிப்போர்ட் நன்றாக இருந்தாலும் தண்ணீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சரியான நேரத்தில் போட்டால் குழந்தையின் நுரையீரலைத் தயார்ப்படுத்தும் ஸ்டீராய்டு ஊசிகள் இருக்கின்றன.

தையல் போட்டவர்களுக்கு, வேறு சிக்கல் இல்லையென்றால் 36, 37-வது வாரத்தில் அதைப் பிரித்துவிடுவார்கள். பிரித்த அன்றே வலி வந்துவிடும் என்று பையைக் கட்டிக்கொண்டு வரும் குடும்பங்கள் உண்டு. பலர் அதே பையோடு வீட்டுக்குத் திரும்பி, இன்னும் ஒன்றிரண்டு வாரம் காத்திருக்கிறார்கள்.