குவியமும் குறியும்

கல்லூரி நாடகத்தை ஒளிப்பதிவு செய்யும் நம் மாணாக்கர், 'பொலோ போகஸ்' கருவியின் தட்டிலே நடிகர் நிற்குமிடங்களை முன்னரே குறித்துவைத்தும், காட்சி மங்கக் கண்டு மனஞ்சோர்வதுண்டு. பிழை கையினதன்று, வில்லையின் இயல்பினது என்பதை விளக்க விரும்புகின்றோம்.

பொறிமுறை வில்லையிற் குவிய வளையம் கண்ணாடியை நேரே நகர்த்தும். இரு முனைகளிலும் தடையுண்டு. மின்னியல் வில்லையிலோ வளையம் மோட்டருக்குக் கட்டளை மாத்திரமே அனுப்பும். அவற்றுட் பலவற்றில், வளையத்தை ஒரே அளவு திருப்பினும், விரைந்து திருப்பின் குவியம் மிகுதியாகவும் மெல்லத் திருப்பின் சிறிதாகவும் நகரும். ஆதலாற் குறி பிறழும்.

லூமிக்ஸ் எஸ் வரிசைக் கமராக்கள் சிலவற்றில் இவ்வியக்கத்தை நேர்விகிதமாக்கி, 90, 180, 360 எனச் சுழற்சிப் பாகையையும் தெரிவுசெய்யலாம். அதனை அமைத்த பின்னரே குறியிடுக. முனையில் தடையின்மையால், எல்லை கடந்து திருப்பின் மீண்டும் குறியிடல் வேண்டும். இவ்வசதியற்றோர் பொறிமுறை வில்லையை நாடுதல் நன்று. மேடையிற் சென்ற கணம் மீள்வதில்லையன்றோ?