கிர்க்கியில் ஒரு சாயங்காலம்

அடியேன் வந்தவாசிப் பக்கத்துக்காரன். 1760 ஜனவரி 22 அன்று பிரெஞ்சுத் தளபதி லாலியை ஆங்கிலேயர் கூட் முறியடித்த மண் அது. பிழைக்க வந்து கடை போட்ட கடக்வாஸ்லாவுக்குக் கிட்டத்திலும் அப்படியொரு போர்க்களம் உண்டு என்று தெரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று. அதுதான் கட்கி, வெள்ளைக்காரன் வாயில் கிர்க்கி.

நம் ஊர் வழியாக ஓடும் முட்டா ஆறு புனேயில் முளாவோடு கலக்கும் சங்கமத்தில் கும்பினி ரெசிடெண்ட் எல்பின்ஸ்டன் குடியிருந்தார். 1802 வசாய் ஒப்பந்தத்தால் கும்பினிக்குக் கட்டுப்பட்ட பேஷ்வா இரண்டாம் பாஜிராவ், 1817 ஜூனில் இன்னும் கடுமையான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நேர்ந்தது. மனசுக்குள் புகைந்தார், படை சேர்த்தார்.

நவம்பர் 5, பிற்பகல். எல்பின்ஸ்டன் ஆற்றைக் கடந்து கிர்க்கிப் படையோடு சேர்ந்துகொண்டார். மராட்டியர் அவர் மாளிகையைக் கொளுத்தினார்கள். அவர் சேர்த்த புத்தகங்களும் சாம்பல். எதிரியின் புத்தகமானாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மராட்டியப் பக்கம் குதிரைப்படை சுமார் 18,000, காலாள் 8,000. கர்னல் பர் தலைமையில் கும்பினிக்கு மூவாயிரத்துக்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்களே. பத்துக்கு ஒன்று என்றால் கணக்குப் பார்க்கிறவன் யார் பக்கம் பணம் கட்டுவான்? ஆனால் கும்பினி அணிக்கு முன்னால் உளைச்சேறு ஒன்று இருந்தது. தளபதி பாபு கோகலேயின் குதிரைகள் நாலுகால் பாய்ச்சலில் வந்து அதில் இறங்கின. முன்னது விழ, பின்னது அதன்மேல் விழ, அணி கலைந்தது. சிப்பாய்கள் நின்ற இடத்தை விட்டு நகராமல் சுட்டார்கள். ஜரிபட்கா கொடியோடு வந்த மோர் தீட்சித் மாண்டார். பொழுது சாய்வதற்குள் முடிந்துபோயிற்று. மராட்டியருக்குச் சேதம் சுமார் 500. கும்பினிக்கு மாண்டவரும் காயம்பட்டவருமாக 86 பேர்.

பேஷ்வா எங்கே? பர்வதி மலைமேல். அங்கிருந்து பார்த்தாராம்.

சேற்றை மட்டும் குற்றம் சொல்ல நான் ஒப்பமாட்டேன். பாஜிராவ் வரிவசூலை அதிகம் கேட்டவனுக்கு ஏலம் விட்டவர். ஏலம் எடுத்தவன் போட்ட முதலைக் குடியானவனிடம்தானே கறப்பான்? அந்தக் குடியானவன் ராஜாவுக்காக எதற்கு உயிரை விடணும்?

நவம்பர் 17-இல் புனே கும்பினி வசமாயிற்று. நம் வாசலில் தெரிகிற சிங்ககட் 1818 மார்ச்சில் விழுந்தது. கோகலே அதற்கு முந்தின மாதமே ஆஷ்டியில் போரிட்டு மடிந்திருந்தார். ஜூனில் பாஜிராவ் மால்கமிடம் சரணடைந்து, வருஷம் 8 லட்சம் ரூபாய் பென்ஷனோடு கான்பூர் அருகே பிட்டூர் போனார். 1851 வரை அங்கேயே இருந்தார்.